ஒரே தசை

மாத்திரை என்று சொல்லிவிடலாம், அதுதான் சுலபம், கத்தி இல்லை, நெஞ்செலும்பை நடுவில் அறுத்து இரண்டு கதவாகத் திறப்பது இல்லை, காலையில் எழுந்து ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடித்தால் ஆயிற்று, டாக்டர் நவநீதன் திரும்பி வந்ததும் மாத்திரைதான் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று தீர்மானித்து முடிப்பதற்குள் அந்தத் தீர்மானம் ஈரச் சோப்பு மாதிரி நழுவிப் போகிறது, மறுபடி முதலிலிருந்து. எக்கோ எடுக்கும்போது தடவிய களி இடது மார்புக்குக் கீழே ரவிக்கையோடு ஒட்டிப் பிசுபிசுக்கிறது. துடைக்கக் காகிதம் கொடுத்தாள் எக்கோ எடுத்த பெண், நான் துடைத்தேன், துடைத்த இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் அது இருந்திருக்கிறது. முக்குங்கக்கா, என்றாள். எதற்கு என்று விழித்தேன். "கக்கூசுல முக்குவீங்கல்ல, அப்புடி முக்கிட்டு மூச்சைப் புடிங்க, அப்பத்தான் அடைப்பு தெரியும்." முக்கினேன். திரையில் ஏதோ ஒன்று எகிறியது, அவள் முகத்தில் எதுவும் எகிறவில்லை, அவர்களுக்கு அப்படிப் பழக்கியிருப்பார்கள். உங்க இதயம் சோம்பேறி இல்லீங்க, அளவுக்கு மீறி வேலை செய்யுது, அதுதான் பிரச்சினை, என்றார் டாக்டர், நல்ல பிள்ளை, என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர், முஷ்டியை மடக்கிக் காட்டினார், ரெண்டு அறைக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கு, அது உங்களுக்குத் தடிச்சு ரத்தம் வெளிய போற வழியில வந்து நிக்குது, வாசப்படியில சோபாவைப் போட்டு வெச்ச மாதிரி. இத்தனை நாள் கொடுத்த பழைய மாத்திரைகளுக்கு அது அசையவில்லை. புதிதாக வந்திருக்கும் மாத்திரை அந்த இறுக்கத்தையே தளர்த்தும், ஆனால் கொஞ்சம் அதிகமாகத் தளர்ந்துவிட்டால் இறைப்பே பலவீனமாகிவிடும், ஆகவே அடிக்கடி எக்கோ, பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும், சிலருக்கு நிறுத்தவும் வேண்டும், எத்தனை வருடம் என்று கேட்டதற்கு மருந்தே புதுசுங்களே என்று சிரித்தார். ஆப்பரேசன் என்றால் அந்தச் சோபாவின் கையைச் செதுக்கி எடுத்துவிடுவது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்த ஒருவர் வெளியூரிலிருந்து இங்கே வந்து போகிறார், அடுத்த தடவைக்கு யார் யார் என்று இன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டும். "ரெண்டுமே சரிதாங்க, நீங்கதான் சொல்லணும்." இதைச் சொல்லிவிட்டு, யாருக்கோ அவசரம் என்று அழைப்பு வந்து எழுந்து போய்விட்டார். ஒன்று தப்பு என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் காப்பியை ஆற்றுகிறாள். எனக்குக் காப்பி ஆகாது என்று அவளுக்குத் தெரியும், ஆற்றுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும் அவளுக்கு. என் கழுத்தில் துடிப்பு தெரிகிறது, தலையைச் சாய்த்தால் காதுக்குள் கேட்கிறது, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, இதோ ஒன்று தவறியது, தவறியதா இல்லை நான்தான் தவறவிட்டேனா, எண்ணாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்பதுபோல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டு மாடிப்படியில் பால் பாக்கெட்டோடு விழுந்தேனே, அன்றைக்கு வலி இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே இல்லை, படி இருந்தது, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் முகம் இருந்தது, நடுவில் இருந்த நான் எங்கே போயிருந்தேன் என்பதுதான் இன்றுவரைக்கும் தெரியவில்லை. அப்படியே போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. என் மகள் அல்லிக்குத் தெரிந்திருக்கும். போனில் கேட்டிருப்பாள், சிங்கப்பூரில் அந்த அடுக்குமாடி அறையில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே. அல்லி நேற்று ஒரு படம் அனுப்பினாள், ஓட்டப் பந்தயத்தில் வேர்த்து வழிய, மார்பில் எண் குத்திக்கொண்டு, அம்மா பார் நான் முடித்துவிட்டேன் என்று. முடித்துவிட்டேன். அந்தச் சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புங்க, அவங்களையும் பாத்துடணும், என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை, ஓடாதே என்று எப்படிச் சொல்வது, ஒரு வார்த்தையில் அவள் கால்களை எப்படிப் பிடுங்குவது. முதலில் நான் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் அவளுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று காட்டலாம், வெறுங்கையோடு போய் உனக்கும் இருக்கலாம் என்று சொன்னால் அது சாபம். ஆக மாத்திரை. அவள் இருபதாவது வயதிலிருந்து சாகிற வரைக்கும் மாத்திரையா. ஆக கத்தி. அவள் மார்பில் கத்தியா.

"சித்த பொறுத்துக்க கண்ணு, தை பொறந்துட்டா தெசை மாறிடும்" என்கிறாள் அம்மா காப்பியைப் பார்த்துக்கொண்டே. காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை. எனக்கு இப்போது சனி தசை கடைசிக் காலமாம், தையில் புதன் தசை ஆரம்பமாம், அதுவரைக்கும் உடம்பில் இரும்பு படக்கூடாதாம். ஊரில் எல்லோரும் தெசை என்போம், படித்தவர்கள் தசை என்பார்கள், நான் சிங்கப்பூர் போய் தசையும் சொல்லாமல் தெசையும் சொல்லாமல் இருபத்து மூன்று வருடம் இருந்தேன், அதற்காகவே போனேன் என்றுகூடச் சொல்லலாம். ஜாதகம் கேட்காத ஊர். அங்கே எனக்கு வேலை ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதுவது, மருத்துவக் கையேடுகள், சர்க்கரை நோயா, கர்ப்பிணிகள் கவனத்திற்கு, தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் இங்கிலீஷ் கான்வென்டிலும் மாறி மாறிப் படித்ததற்குக் கிடைத்த பலன். அம்மாவுக்குக் கண் மங்கியது என்று இரண்டு வருடத்துக்கு முன் திரும்பி வந்தேன், அவளைப் பார்த்துக்கொள்ள, இப்போது அவள் என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், லிப்டில் ஏறமாட்டேன் என்று காலையில் எத்தனை ரகளை. "அந்தப் பொட்டிக்குள்ள நான் வரமாட்டேன், பாதியில நின்னா ஆரு இழுத்து உடறது" என்று நான் லிப்டில் வர அவள் மட்டும் மூன்று மாடி படியேறி வந்தாள், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, எழுபத்தைந்து வயதில், வந்து நின்று, எனக்கு இளைக்கவே இல்ல பாரு என்றாள். அவளுக்கு இளைக்காது. அவள் பக்கத்தில் அது இல்லை. அது அப்பா பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா பக்கம் என்றவுடன் அத்தை வந்துவிடுகிறாள், பாவாயி அத்தை, அப்பாவின் அக்கா, வெற்றிலை வாயோடு. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள், நனைந்த வேட்டியில் பால் வாசனை, நான் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், ஒன்பது வயது, அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொல்கிறாள், ஒரே ஊட்டுல அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே தெசை நடக்கக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, இவ தெசைதாண்டா உன்னை முழுங்கிடுச்சு. அப்பாவுக்கு ராகு தசை. எனக்குப் பிறக்கும்போதே ராகு தசை. இரண்டு பேருக்கு ஒரே தசை சேர்ந்தால் ஒருவரை அடிக்கும், என்னை ஆறு மாதம் மாமன் வீட்டில் விடச் சொல்லியிருக்கிறார்கள், அப்பாதான் முடியாது என்றாராம், கோதை இல்லாம எனக்குச் சோறு எறங்காதுன்னாராம். அதற்குப் பதிலாகப் பரிகாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலத்தில், படியோரப் பாறையில் பெரிய பாம்பு செதுக்கிய மலை இருக்கிறதே, அதில் பால்குடத்தைத் தோளில் வைத்து ஏற வேண்டும். சில வாரம் ஏறினார். கடைசி வாரம் பாம்பின் தலை வரைக்கும்தான். அத்தை சொன்னது எனக்குப் புரியவில்லை, புரிந்தது, புரியாத வயதில் புரிந்த விஷயம் எலும்புக்குள் போய்விடும், அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் யாராவது உன் நட்சத்திரம் என்ன என்றால் பொய் சொல்வேன். அல்லி பிறந்தபோது ஜாதகம் எழுதவேண்டாம் என்றேன், பிறந்த நேரத்தைக்கூட அம்மாவுக்கு மாற்றிச் சொன்னேன். அவளுக்கு என்ன தசை என்று யாருக்கும் தெரியக் கூடாது, அது தெரியாமல் இருந்தால் அவளுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று ஆகிவிடும் என்பதுபோல. இப்போது டாக்டரும் அதைத்தான் கேட்கிறார், அவளையும் பாத்துடணும்.

எதிர் நாற்காலியில் தாராபுரத்துக்காரம்மா ஒருத்தி, வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டாவது தடவையாம், காத்திருந்து காத்திருந்து வாய் துறுதுறுக்கிறது அவளுக்கு. "பொண்ணுங்களா? என்னங் அவீங்களுக்கு?" "நெஞ்சுல தசையாமுங்" என்கிறாள் அம்மா, டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறாள், "இப்ப சனி தெசை. தையில மாறிடுமுங்." "அட, எங்களுக்குப் போன வருசம் அட்டமத்துச் சனி, ஸ்டென்ட் வெச்சுட்டுத்தான் போச்சு. அது சும்மா போவுங்களா." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், மாத்திரை, கத்தி, மாத்திரை. "எங்கூட்டுக்காரருக்கும் அப்புடித்தானுங், டாக்டரே சொல்லிட்டாரு, தசை சரியில்லைன்னு" என்று அம்மா அப்பா கதையை ஆரம்பிக்கிறாள். மாத்திரை என்றால் அடிக்கடி எக்கோ, அந்தக் களி, முக்குங்கக்கா. "டாக்டரே சாதகம் பாத்தாருங்களா?" "அவுரு பெரிய படிப்பாளிங், கடைவீதியில நாவுக்கரசு டாக்டருன்னு, போர்டே தமிழ்லதான் எழுதியிருப்பாரு, வாயில ஒரு இங்கிலீசு வராது. ரத்தம்னு சொல்லமாட்டாரு, குருதிம்பாரு. இவுரு போயி, குருதின்னா எந்தச் சாமிங்கன்னு கேட்டுட்டு வந்துட்டாரு." தாராபுரத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள், அம்மா தொடர்கிறாள். "படமெல்லாம் புடிச்சுப் பாத்துட்டு, உங்களுக்குத் தசை சரியில்ல, பாரம் தூக்காதீங்க, இன்னும் என்னென்னமோ சொன்னாரு, மாத்திரையும் குடுத்தாரு. டாக்டரே தெசை சரியில்லைங்கறப்ப சும்மா இருக்க முடியுமா? அன்னிக்கே சோசியர் ஊட்டுக்குப் போனோம். அவரு பொரட்டிப் பாத்துட்டு, ஆமா ராகுன்னுட்டாரு."

கண்ணைத் திறக்கிறேன். என்னவோ ஒன்று இடறுகிறது, செருப்பில் குத்திய முள் மாதிரி, எங்கே என்று தெரியவில்லை, போர்டே தமிழில், குருதி, படம் பிடித்தார், என்ன படம், நெஞ்சுப் படம், நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு ஒருவர் ராகு என்று எதற்குச் சொல்வார். "அம்மா, ராகுன்னு அந்த டாக்டரா சொன்னாரு?" "இல்லயே, அது சோசியரு." "டாக்டர் என்ன சொன்னாரு?" "அதான் சொன்னேனே. தசை சரியில்லைன்னாரு." "தெசைன்னா சொன்னாரு, தசைன்னா?" அம்மா மூடியைத் துடைக்கிறாள். "ரெண்டும் ஒண்ணுதான கண்ணு. நாமதான் தெசைம்போம். படிச்சவங்க தசைம்பாங்க."

ரெண்டும் ஒண்ணுதான். இல்லை அம்மா. ஐயோ இல்லை. இதயத் தசை என்று நான் எத்தனை கையேட்டில் தட்டியிருக்கிறேன், தசை வலுவிழத்தல், தசை தடித்தல், கூட வேலை பார்த்த பெண் தசைநார் என்று போடலாமா என்று கேட்டதற்கு ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினேன், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் கிழவிகள் குழம்புவார்கள், யோசி, என்று, அப்போதுகூட இது தோன்றவில்லை, ஒரே எழுத்து, ஒரே ஒலி, என் தலைக்குள் இரண்டும் வேறு வேறு வீட்டில் இருந்திருக்கின்றன, ஒன்று ஊரில் அத்தையின் வெற்றிலை வாயில், இன்னொன்று குளிரூட்டிய அலுவலகத்தில், இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அந்த மனிதர், அந்தத் தமிழ்ப் பித்தர், மசில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா என்னன்னு புரியலீங்களேன்னு கேட்டிருப்பார். தசை என்றது புரிந்துவிட்டது. புரியாத ஒன்றைக் கேட்கலாம், புரிந்துவிட்டதை யார் கேட்பார்கள். தலையாட்டியிருப்பார் அப்பா, கையெடுத்துக் கும்பிட்டு, தெரியுமுங்க, காலம் சரியில்லீங்க என்று, டாக்டரும் இவருக்கு விளங்கிவிட்டது என்று தலையாட்டியிருப்பார். பாரம் தூக்காதே என்று சொன்ன தோளில் பால்குடம். என் மார்புக்குள் எழும்பி நிற்கிற இதே சுவர் அவருக்குள் எழும்பி நிற்க, படி படியாக, சாயங்கால வெயிலில், பாம்பின் வால், பாம்பின் உடல், ஒவ்வொரு படிக்கும் இறுக்கி இறுக்கி, பாம்பின் தலை. என்னை மாமன் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்பதற்காக. ஒரே வீட்டில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே தசை. அத்தை, நீ சொன்னது சரிதான், அப்படியே சரி, ஒரு எழுத்துப் பிசகில்லை. ஒரே தசைதான். ஆனால் நான் அவரை முழுங்கவில்லை, அவர்தான் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா தெரியவில்லை, இரண்டும் நெஞ்சை இறுக்கும், இறுக்கினால் அடைக்கும், மூச்சை விடு, விடு. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள். இவளுக்குத் தெரியக் கூடாது. பால்குடத்துக்கு மஞ்சள் தடவி அவர் தோளில் தூக்கி வைத்தவள் இவள். இவ்வளவு வருடம் ராகுவைத் திட்டிக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறாள், இனி அந்த ராகுவையும் பிடுங்கிக்கொண்டால் யாரைத் திட்டுவாள்.

"பூங்கோதை, உள்ள வாங்க" என்று செவிலிப்பெண் கூப்பிட, அம்மாவும் எழுந்து வருகிறாள். டாக்டர் நவநீதன் கை கழுவிய ஈரத்தோடு உட்காருகிறார். "ரோசனை பண்ணுனீங்களா?" நான் வாயைத் திறக்குமுன் அவர் அம்மா பக்கம் திரும்பிவிடுகிறார், பெரியவங்களுக்கும் புரியணுமில்லீங்களா என்று, மறுபடியும் முஷ்டியை மடக்கி, "அம்மா, உங்க பொண்ணுக்கு நெஞ்சுல தசை தடிச்சுப் போச்சுங்க." அம்மா தலையாட்டுகிறாள். அப்பா ஆட்டிய அதே ஆட்டல், நான் பார்த்ததில்லை, ஆனால் இதுதான், புரிந்துவிட்டவர்களின் தலையாட்டல். "தெரியுமுங் சாமி. சனி தெசை. தையில மாறுதுங். அது வரைக்கும் மாத்திரையில ஓட்டீரலாமுங்களா?" டாக்டர் சிரிக்கத் தொடங்குகிறார், "இல்லீங்கம்மா, நான் சொல்றது அந்தத் தசை இல்லீங்க, இது உடம்புல இருக்கற—"

"மாறாதும்மா" என்கிறேன். என் குரல் எனக்கே பெரிதாக இருக்கிறது, கழுத்துத் துடிப்பு காதில் அறைகிறது. "இது தையிலயும் மாறாது, எப்பவும் மாறாது. இதை அறுத்துத்தான் எடுக்கணும்." சொல்லி முடித்த பிறகுதான் தெரிகிறது, பதிலைச் சொல்லிவிட்டேன் என்று. மாத்திரையில் ஓட்டீரலாமா. அது மருந்தின் குற்றமில்லை, யாரோ ஒருத்திக்கு அதுவே சரியாக இருக்கும், ஆனால் எனக்கு அந்த மாத்திரையும் தைக்குக் காத்திருப்பதுபோலத்தான் இருக்கும், ஒவ்வொரு எக்கோவுக்கும் மாறிவிட்டதா மாறிவிட்டதா என்று, என்னால் முடியாது. தைரியம் ஒன்றும் இல்லை. "ஆப்பரேசன், டாக்டர். வெளியூர்ல இருந்து வர்றவர்கிட்ட என் பேரைச் சொல்லிடுங்க." அவர் பெயரைக் குறித்துக்கொள்கிறார். சரி என்கிறார். பிறகு, "அப்பா மாரடைப்புல போனார்னு சொன்னீங்கல்ல, அப்ப ஏதாவது டெஸ்ட் எடுத்தாங்களா?" நான் ஆங்கிலத்துக்குத் தாவுகிறேன். மாரடைப்பு இல்லை, இதேதான், அப்போதே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார், தமிழில் சொன்னார், இவர்கள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள், மலை ஏறினார், என் அம்மாவுக்குத் தெரியக் கூடாது, தயவுசெய்து. ஆங்கிலத்தில் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது. டாக்டர் முகத்திலிருந்து சிரிப்பு வடிகிறது, அம்மாவைப் பார்க்கிறார், சட்டென்று மேசையைப் பார்க்கிறார், அவரும் ஆங்கிலத்திலேயே, அப்படியானால் உங்கள் மகளைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் ஓட்டம் வேண்டாம் என்கிறார். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்கிறேன். அம்மா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதவள்போல.

நடைக்கூடத்தில் பிளாஸ்கை இடுக்கிக்கொண்டு கூடவே வருகிறாள். "இங்கிலீசுல பாதர் பாதர்னியே. உங்கய்யனைப் பத்தியா?" "ஆமாம்மா. ராகு தெசையில போனாருன்னு சொன்னேன்." "டாக்டரு கிட்டயா?" "ம்." "அவரு எதுக்கு அப்புடிப் பாத்தாரு என்னைய?" இருபத்து மூன்று வருடம் சொல் தேடித் தேடித் தின்ற நான், சும்மாத்தாம்மா என்றேன். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள், நான் லிப்டின் பொத்தானை அமுக்கினேன். அவளுடைய ரப்பர் செருப்புச் சத்தம் போனது, நின்றது. பிறகு திரும்பி வந்தது. என் பக்கத்தில் வந்து நின்றாள், மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு. "படியில வரலியாம்மா?" தலையை ஆட்டினாள், இந்தத் தடவை வேறு விதமாக. கதவு திறந்தது. கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தாள், என் மணிக்கட்டை, நாடி துடிக்கிற இடத்தை, வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே வைத்தாள். கதவு மூடிய பிறகுதான் பேசினாள், என்னிடம் இல்லை, தகரச் சுவரிடம். "உங்கய்யனைப் படி ஏற வேண்டாம்னுதான் சொன்னாரு அந்த டாக்டரு. அன்னிக்கே சொன்னாரு."